ஆறு ஷில்லிங்கும் ஒரு ஏணியும்

2023-24 சீசனில் இங்கிலாந்தின் ரக்பி பிரீமியர்ஷிப்பில் நியூகாசில் அணி 18 ஆட்டம் ஆடியது. பதினெட்டிலும் தோல்வி. பெயருக்கு ஒரு டிரா கூடக் கிடையாது. அதற்கு அடுத்த படியான சாம்பியன்ஷிப்பில் அதே வருடம் முதலிடம் பிடித்தது மேற்கு லண்டனைச் சேர்ந்த ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ். லீக் என்று ஒன்று இருந்தால் கடைசியில் வந்தவன் இறங்க வேண்டும், கீழே முதலில் வந்தவன் ஏற வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நியூகாசில் இருந்த இடத்திலேயே இருந்தது, ஈலிங்கும் இருந்த இடத்திலேயே இருந்தது. காரணம் கேட்டால், ஈலிங்கின் மைதானம் போதாதாம்.

பேங்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். ப்ரமோஷன் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவனைக் கூப்பிட்டு, "தம்பி, உன் வீட்டு ஹால் சின்னதாக இருக்கிறது, நீ ஆபீசர் ஆக முடியாது" என்று சொல்வது மாதிரி. ஹெட் ஆபீஸே வெட்கப்படும்.

இது என்னடா கூத்து என்று பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் கதை 1890களில் போய் நிற்கிறது. அப்போதும் இதே சண்டைதான்: மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை ஏற விடலாமா, ஆடுகிறவனுக்குக் காசு கொடுக்கலாமா. இந்த இரண்டு கேள்வியும் ரக்பியில் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகள்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு வரி. முட்டை வடிவப் பந்து, கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், பின்பக்கமாகத்தான் பாஸ் பண்ணலாம், எதிராளியைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். இப்போதைக்கு இது போதும். 1871-ல் லண்டனில் ஒரு ரெஸ்டாரெண்டில் 21 கிளப்காரர்கள் கூடி ரக்பி ஃபுட்பால் யூனியன் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக ஆர்.எஃப்.யூ. உறுப்பினர்கள் பெரும்பாலும் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்த, நல்ல வருமானம் உள்ள ஆசாமிகள். அவர்களுக்கு விளையாட்டு என்பது சனிக்கிழமை சந்தோஷம். அதில் காசு என்ற பேச்சே அநாகரிகம்.

அந்த மனோபாவத்துக்கு மிகச் சிறந்த சாட்சி நான் இப்போது போஸ்டிங்கில் இருக்கும் இந்தக் கொல்கத்தாவில் உருவான ஒரு கோப்பை. 1872 கிறிஸ்துமஸ் அன்று இங்கே ஒரு ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் இருபது பேர், எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் இருபது பேர். (அப்போது பக்கத்துக்கு இருபது. பதினைந்து ஆனது பின்னால்.) அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் ஆரம்பம். கிளப்பில் பார் இலவசம் என்பதால் கூட்டம் நன்றாகச் சேர்ந்ததாம்! பிறகு இலவசம் நின்றது, நன்றாக ஆடிய ஒரு ராணுவப் படைப்பிரிவு ஊரை விட்டுப் போனது, இந்த வெயிலுக்குப் போலோவும் டென்னிஸும்தான் தோது என்று பலருக்குத் தோன்றியது. ஐந்தே வருடத்தில் கிளப் படுத்துவிட்டது.

கணக்கில் பாக்கி இருந்தது. அதைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. பேங்க்கில் இருந்த பணத்தை, சுமார் 270 வெள்ளி ரூபாய்களை, நாணயமாகவே எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று நாகப்பாம்புகள் கைப்பிடி, மூடி மேல் ஒரு யானை. அதை ஆர்.எஃப்.யூ.வுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1879-லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகத்தான் மோதுகின்றன. பெயர் இன்றுவரை கல்கத்தா கப். இவ்வளவு அழகாக ஒரு அகவுண்ட்டை க்ளோஸ் பண்ணியதை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளப் மூடியதும் மிச்சப் பணத்தைக் கோப்பையாக உருக்க முடிந்தவர்களுக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும், இதே ஆட்டத்தை ஆடியவர்கள் வேறு ஆட்கள். சுரங்கத் தொழிலாளி, பஞ்சாலைத் தொழிலாளி, கப்பல்துறையில் மூட்டை தூக்குகிறவர். சனிக்கிழமையும் மதியம் வரை வேலை உண்டு. வெளியூர் ஆட்டம் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும், அரை நாள் கூலி போச்சு. அடிபட்டால் திங்கட்கிழமைக் கூலியும் போச்சு. அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவோ ஆயிரக்கணக்கில் கூட்டம், வாசலில் டிக்கெட் வசூல். ஆடுகிறவனுக்கு மட்டும் கையில் ஒன்றுமில்லை.

வடக்கத்திக் கிளப்கள் கேட்டது சம்பளம் கூட இல்லை. இழந்த கூலிக்கு ஈடு, அவ்வளவுதான். நம் பாஷையில் சொன்னால் லாஸ் ஆஃப் பே ஆகாமல் ஸ்பெஷல் லீவ். 1893 செப்டம்பரில் லண்டனில் நடந்த பொதுக்குழுவில் யார்க்ஷயர்காரர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். ஆதரவு 136, எதிர்ப்பு 282. எதிர்த்தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பிராக்சி ஓட்டுகள் முன்கூட்டியே திரட்டி வைக்கப்பட்டிருந்தன. கம்பெனி ஏ.ஜி.எம். பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

இதில் இன்னொரு இழையும் இருக்கிறது. 1892-ல் யார்க்ஷயரின் பெரிய கிளப்கள் தங்களுக்குள் ஒரு லீக் வைத்துக்கொண்டன. புள்ளிப்பட்டியல், சாம்பியன், எல்லாம் உண்டு. ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. உடனே அதற்குக் கீழே இரண்டாம் லீக். உடனே இரண்டாம் லீக்கில் ஜெயித்தவன் கேட்டான்: என்னை ஏன் மேலே ஏற்றவில்லை? தானாக ஏறி இறங்கும் முறை வேண்டும் என்று சிறிய கிளப்களும், அதெல்லாம் முடியாது என்று பெரிய கிளப்களும் மல்லுக்கு நின்றன. அதாவது லண்டன் பணக்காரர்களிடம் "எங்களுக்கு நியாயம் வேண்டும்" என்று கேட்ட அதே வடக்கத்திக் கிளப்கள், தங்களுக்குக் கீழே இருந்தவர்களிடம் கதவைச் சாத்தின. வரலாற்றுப் புத்தகங்களில் ஆறு ஷில்லிங் கதைதான் பெரிதாக வரும். எனக்கு இந்தச் சின்னக் கதைதான் முக்கியமாகப் படுகிறது.

1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் ஜார்ஜ் ஹோட்டல். வடக்கத்திக் கிளப்கள் கூடி ஆர்.எஃப்.யூ.விலிருந்து விலகுவதென முடிவெடுத்தன. சீசன் தொடங்கும்போது 22 கிளப்கள். இழந்த கூலிக்கு ஈடாக நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை தரலாம் என்று விதி வைத்தார்கள். 1898-ல் வெளிப்படையாகச் சம்பளமே வந்தது, ஆனால் ஆட்டக்காரன் வேறு ஒரு முறையான வேலையும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. செமி புரொஃபஷனல் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் இந்த ஆட்டத்தில் கிடையாது. 1906-ல் ஆட்களைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். அது தனி ஆட்டமாகிப் பின்னால் ரக்பி லீக் என்று பெயர் பெற்றது. பழையது ரக்பி யூனியன். வெறும் பெயரைப் பாருங்கள்: "லீக்" என்ற சொல்லே எதிரியின் பெயர் ஆகிவிட்டது.

ஆர்.எஃப்.யூ.வில் 1893-ல் 481 கிளப்கள். 1903-ல் 244. பாதி கரைந்துவிட்டது. ஆனாலும் பிடிவாதம் கரையவில்லை. ரக்பி லீக் பக்கம் போய் ஆடியவனுக்கு யூனியன் கதவு அடைப்பு. லீக் போட்டி, புள்ளிப்பட்டியல் எல்லாம் கூடாது. ஏன்? பட்டியல் வந்தால் மேலே போக ஆசை வரும், ஆசை வந்தால் நல்ல ஆட்டக்காரனை இழுக்கத் தோன்றும், இழுக்கக் காசு வேண்டும். ஆக ஏணியே வேண்டாம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்த ஏற்பாடு 1987 வரை நீடித்தது. அதுவரை கிளப் ஆட்டம் எல்லாம் நட்பு ஆட்டங்கள். யாரோடு ஆடுவது என்பது பரம்பரை வழக்கம். இரண்டு கிளப் செயலாளர்கள் கடிதம் எழுதித் தேதி குறிப்பார்கள். ஹார்லிக்வின்ஸ் மாதிரி பெரிய இடம் உங்களோடு ஆடச் சம்மதிக்காவிட்டால், நீங்கள் எத்தனை வருடம் ஜெயித்தாலும் உங்கள் தரம் என்னவென்று உலகத்துக்குத் தெரியப்போவதில்லை. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரிதான், நம்ம ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1971-72ல் நாக்-அவுட் கோப்பை வந்தது, பிறகு பத்திரிகைகளும் கிளப்களும் தாங்களாகவே தகுதிப் பட்டியல் போட ஆரம்பித்தன. அணை கசிந்துகொண்டே இருந்து 1987-ல் உடைந்தது.

அந்த வருடம் கரேஜ் என்ற பீர் கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப்பில் லீக் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்களை ஒரே பிரமிடில் அடுக்கினார்கள். உச்சியில் ஒரே தேசிய டிவிஷன். கீழே போகப்போகத் திசைவாரியாக, பிறகு மாவட்டவாரியாகக் கிளை பிரியும். கிராமத்துக் கிளப் கூடக் காகிதத்தில் ஒவ்வொரு படியாக ஏறி உச்சிக்கு வரலாம். முதல் சாம்பியன் லெஸ்டர். முதல் வருடமே கோவென்ட்ரியும் சேலும் இறங்கின, ராஸ்லின் பார்க்கும் லிவர்பூல் செயின்ட் ஹெலன்ஸும் ஏறின. கோவென்ட்ரி மாதிரி பெரிய பெயரெல்லாம் இறங்கியபோதுதான் இது விளையாட்டில்லை என்று பலருக்கு உறைத்தது.

இந்தப் பிரமிடில் என்னை அதிகம் ஈர்ப்பது உச்சி அல்ல, நான்காம் படி. 2009-லிருந்து அதற்கு நேஷனல் லீக் 2 என்று பெயர். வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவு, பிரிவுக்கு 16 அணி, 30 ஆட்டம். ஆடுகிறவர்கள் பகலில் எலக்ட்ரீஷியன், வாத்தியார், பண்ணைக்காரர். செவ்வாய், வியாழன் இரவில் பயிற்சி, சனிக்கிழமை பஸ் ஏற்றம். கையில் மேட்ச் ஃபீஸ் என்று கொஞ்சம் வரும், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. இரண்டு சாம்பியன்களும் நேராக மேலே. இரண்டாம் இடம் வந்த இருவரும் ஒரே ஒரு ஆட்டம் மோதி, ஜெயித்தவர் மேலே.

கேட்க எளிது. சிக்கல் பூகோளத்தில் இருக்கிறது. மேலிருந்து யார் இறங்குவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு வருடம் இறங்கியவர்கள் எல்லாம் வடக்கத்தியர் என்றால் வடக்கில் கூட்டம், தெற்கில் காலியிடம். அப்போது நடு இங்கிலாந்தில் இருக்கும் பாவப்பட்ட கிளப் எதையாவது பிடித்துத் தெற்கே தள்ளுவார்கள். இதற்கு "லெவல் டிரான்ஸ்ஃபர்" என்றே பெயர். அதே கிரேடு, அதே சம்பளம், வேறு ஊர். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.

தெற்குப் பிரிவு என்றால் பக்கத்து ஊர் என்று நினைக்காதீர்கள். மேற்குக் கோடியில் கார்ன்வாலின் ரெட்ரூத், கிழக்குக் கோடியில் கென்ட்டின் கேன்டர்பரி, இரண்டும் சில வருடங்கள் ஒரே பிரிவு. ஒரு வழி மட்டுமே 500 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, ஞாயிறு விடியலில் வீடு திரும்பி, திங்கட்கிழமை ஒயரிங் வேலைக்குப் போக வேண்டும். நம் பேங்க்கில் கிளார்க்காகவே ரிட்டையர் ஆனவர்கள் எத்தனை பேர்! திறமை இல்லாமலா? ப்ரமோஷன் என்றால் வெளியூர், வெளியூர் என்றால் பிள்ளைகள் படிப்பு, வயதான அம்மா. வேண்டாம் சார் என்று எழுதிக் கொடுத்தவர்கள். இங்கிலாந்தின் சின்னக் கிளப்களுக்கும் மேல் படி என்பது பாதி டீசல் செலவுதான். 2022-ல் ஆர்.எஃப்.யூ. இதைப் புரிந்துகொண்டு நான்காம் படியை வடக்கு, கிழக்கு, மேற்கு என மூன்றாகப் பிரித்தது. பிரிவுக்கு 14 அணி, மூன்று சாம்பியன்கள் மட்டும் மேலே.

இனி உச்சிக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 26, பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம், இனி யாருக்கும் சம்பளம் தரலாம் என்று அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் கூட்டம் நடந்து நூறு வருடம் முடிய மூன்றே நாள் பாக்கி. ஏணி வந்து எட்டே வருடத்தில் காசும் வந்துவிட்டது. பழைய பெருசுகள் பயந்தது சரியாகவே நடந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

பணக்காரர்கள் வந்தார்கள். ஃபுட்பால் கிளப் முதலாளி ஜான் ஹால், இரண்டாம் டிவிஷனில் இருந்த நியூகாசிலை வாங்கினார். 1997-ல் ஏற்றம், 1998-ல் சாம்பியன். ஆமாம், நம் முதல் பத்தியில் பதினெட்டும் தோற்ற அதே நியூகாசில்தான். ரிச்மண்டையும் ஒரு பணக்காரர் எடுத்தார், அதுவும் 1997-ல் மேலே வந்தது. 1999-ல் அவர் கையை விரித்தார், கிளப் திவால். லண்டன் ஸ்காட்டிஷும் அதே வருடம் அதே கதி. இரண்டும் அடிமட்டத்திலிருந்து, சம்பளம் இல்லாமல், மறுபடி ஏற ஆரம்பித்தன. ரிச்மண்ட் இரண்டாம் படிக்குத் திரும்பியது 2016-ல். கடன்காரன் கணக்கு தேறியது என்று இதைத்தான் சொல்வேன்.

ஓரல் என்று விகன் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். 1991-92ல் அந்த ஊர்க் கிளப் பாத்தோடு சமப் புள்ளி எடுத்து, ஆட்டப் புள்ளி வித்தியாசத்தில் மட்டும் தேசியப் பட்டத்தை இழந்தது. சம்பள யுகம் வந்ததும் 1997-ல் இறங்கியது, பிறகு திரும்பி வரவே இல்லை. மாறாக எக்ஸெட்டர். தென்மேற்கில், பெரிய பெயர் இல்லாத கிளப். ஊருக்குள் இருந்த பழைய மைதானத்தை விற்று 2006-ல் சாண்டி பார்க் என்று புதிதாகக் கட்டி, அதை வாடகைக்கு விட்டு வருமானம் பண்ணி, 2010-ல் ஏறி, 2017-ல் சாம்பியன், 2020-ல் இங்கிலாந்துப் பட்டமும் ஐரோப்பியப் பட்டமும் சேர்த்து. கடன் விண்ணப்பத்தில் இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

எக்ஸெட்டர் ஏறிய கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. 2002-ல் ராதரம் இரண்டாம் படியில் முதலிடம். மைதானம் தகுதி இல்லை என்று நிறுத்தினார்கள், கடைசியில் வந்த லீட்ஸ் தப்பியது. அடுத்த வருடம் மறுபடி ஜெயித்து மேலே போன ராதரம் 22 ஆட்டமும் தோற்றது. 2012-ல் லண்டன் வெல்ஷுக்கும் இதே பதில். அவர்கள் அப்பீல் போய் ஜெயித்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ஃபுட்பால் மைதானத்தில் குடியேறி ஆடினார்கள். இறங்கி, மறுபடி ஏறி, 2014-15ல் 22-ம் தோற்று, 2017-ல் கிளப்பே கலைந்து கீழிருந்து ஆரம்பித்தது.

இந்த உதாரணங்களைத்தான் மேலே இருப்பவர்கள் காட்டுவார்கள்: பார்த்தீர்களா, ஏறினவன் கதி இதுதான். கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய மைதானம் வைத்திருந்த வொர்ஸ்டரும் வாஸ்ப்ஸும் 2022-லும், லண்டன் ஐரிஷ் 2023-லும் கடனில் மூழ்கியதை என்ன சொல்வது? நாற்காலி எண்ணிக்கையை வைத்து ஒரு கிளப்பின் ஆரோக்கியத்தை அளப்பது, கட்டிட உயரத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பது மாதிரி. அப்படிக் கொடுத்த கடன்கள் என்.பி.ஏ. ஆனதைப் பார்த்த தலைமுறை நாங்கள்.

கடைசியாக ஈலிங். 2021-ல் ப்ளே-ஆஃபில் சாரசென்ஸிடம் தோற்றார்கள். அந்த சாரசென்ஸ் ஆடித் தோற்று இறங்கியவர்கள் அல்ல, சம்பள உச்சவரம்பை மீறியதற்காகப் புள்ளி வெட்டப்பட்டு 2020-ல் இறக்கப்பட்டவர்கள். 2022-ல் ஈலிங் சாம்பியன். 10,001 பேர் கொள்ளும் மைதானம் இல்லை, ஏற்றம் இல்லை. 2023-ல் முதலிடம் வந்த ஜெர்சித் தீவின் கிளப்புக்கும் ஏற்றம் இல்லை, அந்த செப்டம்பரிலேயே அது பணமில்லாமல் மூடப்பட்டது. 2024-ல் மறுபடி ஈலிங் முதலிடம். விதியைக் கொஞ்சம் தளர்த்திய பிறகும் தேறவில்லை. நியூகாசில் தப்பியது, 2025-ல் அதை ரெட் புல் கம்பெனி வாங்கியது.

அதே 2024 வசந்தத்தில் நான்காம் படியின் மூன்று பிரிவுகளிலும் முதலிடம் வந்த மூன்று கிளப்களும் நேராக மூன்றாம் படிக்குப் போயின. பத்தாயிரம் நாற்காலி இருக்கிறதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.